மெய்ம்மறையும் தெறிசிதறலும்

மெய்யை மறைப்பது மெய்ம்மறை. கவசத்துக்கு நம் முன்னோர் இட்ட இப்பெயரிலேயே அதன் கடமையும் அடங்கியுள்ளது. பதிற்றுப்பத்துப் பாடிய புலவர்கள் சேர வேந்தனையே வீரர்தம் மெய்ம்மறை என்று போற்றினர். வரும் தாக்குதலைத் தான் தாங்கிப் பிறரைக் காப்பவன் என்பது கருத்து. தாங்குதல் வேறு, தட்டிவிடுதல் வேறு. மார்பில் ஏற்ற அடியைக் கழுத்துக்கும் பக்கத்தில் நிற்போனுக்கும் திருப்பிவிடும் ஒன்றைக் கவசம் எனல் தகுமா? உருக்குத் தகட்டால் ஆன குண்டு காப்பங்கிகளைப் பற்றி இன்று எழுப்பவேண்டிய வினா இதுவே.

2022ஆம் ஆண்டு பெப்பிரவரியில் உக்ரைன் நாட்டின்மீது பெரும்போர் மூண்டபோது, அந்நாட்டுப் பட்டறைகளில் தன்னார்வலர் பலர் உருக்கை வெட்டியும் வளைத்தும் கவசத் தகடுகள் செய்தனர். உயிர் போகும் வேளையில் கையில் அகப்பட்டதைக் கொண்டு காப்புத் தேடிய அவர்களைக் குறை கூறுவார் யார்? நம் நாட்டிலோ 2025 பெப்பிரவரி 19ஆம் நாள் கொழும்புப் புதுக்கடை நீதிமன்றத்தின் உள்ளேயே துப்பாக்கி வெடித்தது. இத்தகைய நிகழ்ச்சிகளைக் கேட்குந்தோறும், காவலர்க்கும் சாட்சியர்க்கும் செய்தியாளர்க்கும் கவசம் வேண்டும் என்னும் எண்ணம் எழுதல் இயல்பே. அவ்வெண்ணம் எழும்போது மலிந்த விலையில் முன்வந்து நிற்பது உருக்குத் தகடு. ஆதலால் அதன் குணமும் குற்றமும் பொதுமக்கள் அறிந்திருத்தல் நன்று.

முதலிற் குணத்தைக் கூறுவோம். இத்தகடுகளுக்குரிய உருக்கு, பிரினெல் அளவையில் ஏறத்தாழ 500 என்னும் கடினம் உடையது. கீழே விழுந்தால் உடையாது. பல குண்டுகளைத் தாங்கும். நன்கு பேணின் நெடுங்காலம் கெடாது. ஆயின் பாரம் மிகுதி. பன்னிரண்டு அங்குல நீளமும் பத்து அங்குல அகலமும் கால் அங்குலத் தடிப்பும் உள்ள தகடு ஒன்றே நான்கு கிலோகிராமை எட்டும். முன்னும் பின்னுமாக இரண்டை அணிந்தவன் எட்டுக் கிலோ சுமக்கவேண்டும்.

இனிக் குற்றம். ஏ.கே. 47 துவக்கின் சன்னம் ஏறத்தாழ எட்டுக் கிராம் நிறையுடையது. நொடிக்கு எழுநூறு மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் வருவது. அதன் ஆற்றல் சுமார் இரண்டாயிரம் யூல். தகடு அதனைத் துளைக்கவிடாது நிறுத்துகின்றது, உண்மை. ஆனால் அவ்வாற்றல் அங்கே மறைந்துபோவதில்லை. ஈயமும் செம்புறையும் நொறுங்கி நூறு சிறு கூர்களாகி, தகட்டின் முகத்தை ஒட்டியே எல்லாத் திசையிலும் விசிறிபோல் விரைகின்றன. நிமிர்ந்து நிற்பவன் மார்பில் தகடு செங்குத்தாக இருத்தலின், மேலே செல்வன தொண்டையையும் தாடையையும், பக்கவாட்டிற் செல்வன புயத்தையும் அருகில் நிற்பவனையும், கீழே செல்வன அடிவயிற்றையும் தொடையையும் நாடும். தொண்டையிலும் தொடையிலும் பெருங்குருதிக் குழாய்கள் ஓடுகின்றன என்பதை நினைக்க வேண்டும். சுடுபயிற்சிக் களங்களில் உருக்கு இலக்கை முன்னோக்கிச் சாய்த்து வைப்பர்; சிதறல் நிலத்திற் புதையட்டும் என்பதே காரணம். சுடுபவரும் போதிய தொலைவில் நிற்பர். மார்பிலே கட்டிய தகட்டுக்கும் தொண்டைக்கும் இடையே உள்ள தொலைவோ ஒரு சாண்.

இக்குற்றம் நெடுங்காலம் கவனிப்பின்றிக் கிடந்தமைக்குச் சோதனை முறையும் ஒரு காரணம் என்பேன். உலகெங்கும் எடுத்துக்காட்டப்படும் அமெரிக்கத் தேசிய நீதி நிறுவனத்தின் 2008ஆம் ஆண்டுத் தரம் இரண்டு செய்திகளையே தலையாயனவாகக் கேட்கின்றது. சன்னம் துளைத்ததா? துளைக்காவிடினும் பின்புறக் களிமண்ணில் 44 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பள்ளம் விழுந்ததா? இரண்டும் தகட்டின் பின்புறத்தைப் பற்றியவை. முன்புறத்தே தெறித்துச் செல்லும் சிதறல் யாரைத் தைத்தது என்னும் கேள்விக்கு அங்கே இடமில்லை. விடைத்தாளின் ஒரு பக்கத்தை மட்டும் திருத்திப் புள்ளியிடும் ஆசிரியரை நாம் ஏற்போமா? அவ்வாறே, சோதனையில் தேறியது என்னும் முத்திரை ஒன்றைக் கொண்டே வெறும் உருக்கை நம்பிவிடலாகாது.

பரிகாரம் இல்லையோ எனின், உண்டு. தகட்டின்மேல் பொலியூரியா அல்லது இறப்பர் போன்ற நெகிழ்பொருளைத் தடிப்பாகப் பூசுவது ஒன்று. சன்னம் அதனைத் துளைத்து உருக்கில் மோதிச் சிதறும். சிதறல்கள் பூச்சின் உள்ளே சிக்கி நிற்கும். தகட்டை கெவ்லர் போன்ற வலிய இழைத்துணியால் உறையிடுவது மற்றொன்று. இவ்விழையை 1965இல் கண்டறிந்தவர் ஸ்டெஃபனி குவோலெக் என்னும் அமெரிக்க வேதியியல் அறிஞர். இவ்விரு முறைகளும் சிதறலைக் குறைக்குமேயன்றி முற்றாக ஒழியா. மெல்லிய பூச்சு பெயரளவுக்கே பயன்படும். தடித்த பூச்சும் ஒவ்வொரு குண்டுக்கும் கிழிந்து உரியும். அதே இடத்தை அடுத்த குண்டு தாக்குமாயின் வெறும் உருக்கே எதிர்நிற்கும். பூச்சைத் தடிப்பாக்கினால் பாரமும் ஏறும்.

பிறிதொரு வழி பொருளையே மாற்றுவது. முன்னே பீங்கான், பின்னே இறுகச் செறித்த பொலித்தீன் இழை என அடுக்கிய தகடுகள் இன்று பெருவழக்காகியுள்ளன. பீங்கான் தான் நொறுங்கிச் சன்னத்தையும் நொறுக்கும். எஞ்சிய துகள்களைப் பின்னுள்ள அடுக்கு ஏந்திக்கொள்ளும். இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமும் தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்து 2024இல் அறிமுகம் செய்த அபேத் என்னும் அங்கி, போரன் கார்பைடுப் பீங்கானும் பல்பகுதியமும் கொண்டது. ஆயினும் பீங்கானுக்கும் குறை உண்டு. கீழே போட்டால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழலாம், விலையும் அதிகம். ஆதலால் ஏழை நாடுகளும் தனியாரும் உருக்கை நாடுவர் என்பதை நாம் மறுத்தற்கில்லை.

இவ்விடத்தில் எம்மூர்ப்புறத்துச் செய்தி ஒன்றை நினைவூட்டுதல் பொருந்தும். வாழைச்சேனையிலிருந்து வாகரை செல்லும் பாதையில் உள்ளது மாங்கேணி. 2006ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2007 சனவரியிலும் இப்பகுதியிற் கடும்போர் நிகழ்ந்தது. போர் ஓய்ந்த பின்னர் மட்டக்களப்பு மாவட்டத்து மண்ணில் மிதிவெடி அகற்றும் பணி ஆண்டுக்கணக்கில் நடைபெற்றது. 2017 யூன் மாதத்தில் இம்மாவட்டம் மிதிவெடி நீங்கியது என அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு திசெம்பரில் இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையிற் சேர்ந்தது. இப்பணியாளர்க்குரிய பன்னாட்டுத் தரம், 60 சென்ரிமீற்றர் தொலைவில் 240 கிராம் ரி.என்.ரி. வெடிப்பதன் தாக்கத்தைத் தாங்கும் அங்கியையும், ஐந்து மில்லிமீற்றர்ப் பொலிகாபனேற்றுக்கு ஒப்பான கண்காப்பையும் விதிக்கின்றது. அங்கியோ சிதறலை உள்வாங்கும் இழைத்துணியால் ஆயது. அவர்கள் பிடிக்கும் கைக்கருவியும் வெடியில் உடைந்து மற்றொரு சிதறலாகாதவாறு அமைதல் வேண்டும் என்பர். கையிலுள்ள கருவியே பகையாகிவிடக் கூடாது என்னும் இவ்வறிவைத்தான் உருக்குக் கவசம் வாங்குவோரும் பெறல்வேண்டும்.

பழந்தமிழில் தோல் என்பது கேடயத்துக்கும் பெயர். கிடுகு என்பதும் அப்பொருள் தரும் சொல்லே. இன்று நாம் வேலியும் கூரையும் வேயும் தென்னோலைப் பின்னலையும் அச்சொல்லாலேயே வழங்குகின்றோம். இரண்டும் அடியை வாங்கித் தம்முள் அடக்கும் இயல்பின. தோல் இன்றைய சன்னத்தைத் தடுக்காது என்பது சிறுவரும் அறிவர். எனினும் அதன் இயல்பு இன்று இழைத்துணியிலும் பொலித்தீன் அடுக்கிலும் மீண்டும் வந்திருத்தலைக் காண்கின்றோம்.

ஆகவே, அரசினரும் நிறுவனங்களும் கவசம் கொள்முதல் செய்யுங்காலை விலையையும் துளைக்காமையையும் மட்டும் வினவாது, முன்புறச் சிதறல் எத்துணை, அது செல்லும் திசை யாது என்பதற்கும் சோதனைச் சான்று கேட்டல் வேண்டும். பூச்சற்ற உருக்கை எவருக்கும் வழங்கலாகாது. உருக்கே கொள்ள நேரின், தடித்த பூச்சும் இழையுறையும், கழுத்துக்கும் தொடைக்கும் தனிக்காப்பும் உடன் இருத்தல் வேண்டும். ஒருமுறை குண்டு பட்ட தகட்டை, அது துளைபடவில்லை என்பதற்காக மீண்டும் அணியச் சொல்லலாகாது. காவற்பணியில் ஒருவர் தனித்து நிற்பதில்லை. அருகே தோழர் நிற்பர், அஞ்சி ஒதுங்கிய பொதுமகன் நிற்பான், சில வேளை ஒரு குழந்தையும் நிற்கும். அணிந்தவனோடு அவர்களையும் எண்ணி அமைத்த கவசமே மெய்ம்மறை என்னும் பெயருக்கு உரியது.