குலுக்காத பாட்டில்

பேரனுக்குக் காய்ச்சல். பாராசிட்டமால் சஸ்பென்ஷனை எடுத்து அப்படியே மூடியில் ஊற்றப் போன என் கையை மருமகள் தட்டிவிட்டாள்: "குலுக்குங்க மாமா!" பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், மேலே தெளிந்த நீர், அடியில் வெள்ளையாக ஒரு விரற்கடை வண்டல். கரையாத மருந்துதான் அந்த வண்டல். குலுக்காமல் கொடுத்துவந்தால் முதல் நாள் பிள்ளைக்கு அளவு குறைந்த மருந்து, கடைசி நாள் அளவு மீறிய மருந்து. நீரில் முழுதும் கரையாத தூளைச் சட்டென்று அடியில் இறங்கவிடாமல், இறங்கினாலும் கட்டிதட்டாமல் தாங்கிப் பிடிக்கிற வேலையை நெடுங்காலம் செய்தவை மரப்பிசின்கள்: நம் கருவேலத்தின் உறவான சூடான் நாட்டு மரத்தின் கோந்து, ஈரானின் முட்செடி தரும் டிராகாகாந்த். நாங்கள் சின்ன வயதில் பட்டம் ஒட்டிய முருங்கைப் பிசினைக்கூட நம் மருந்தியல் கல்லூரிகளில் இதற்காகச் சோதித்திருக்கிறார்கள். ஆனால் பிசின் மரத்துக்கு மரம், மழைக்கு மழை மாறும், பூஞ்சையும் பிடிக்கும். இன்று பல பாட்டில்களில் இருப்பது சாந்தன் கோந்து. முட்டைக்கோஸ் இலையைக் கருகவைக்கும் பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்த்து எடுப்பது அது. மரத்துக்கு இதில் வேலையே இல்லை. சூடான் கோந்தின் மவுசு மட்டும் குறையவில்லை. 1997இல் அந்த நாட்டின் மீது வணிகத் தடை போட்ட அமெரிக்கா, பிறகு கோந்துக்கு விலக்குக் கொடுத்தது. குளிர்பானக் கம்பெனிகளுக்கு அது இல்லாமல் முடியாதே! எந்தக் கோந்தானாலும் கொஞ்ச நேரம்தான் தாங்கும். மீதி வேலை நம் கைக்கு: மூடியைத் திறக்கும் முன் நன்றாகக் குலுக்குங்கள்.