மூச்சு வாங்குதா? ரத்தத்தைக் கேளுங்க!

முத்துப்பேட்டை:

"நெல்லுத் தூசி ஒத்துக்கலை. அதான் இளைப்பு!"

அறுவடைக் காலத்தில் டெல்டா முழுக்கக் கேட்கிற பேச்சு இது. பல பேருக்கு அது உண்மைதான். எல்லாருக்குமா?

படுத்தால் மூச்சு முட்டும். எழுந்து உட்கார்ந்தால்தான் நிம்மதி. சாயங்காலம் கால் வீங்கி செருப்பு ஏறாது. கணுக்காலை அமுக்கினால் குழி விழும். இது தூசி செய்த வேலையாகத் தெரியவில்லை. இதயம் களைத்துப் போனதன் அடையாளமாக இருக்கலாம்!

இதயச் செயலிழப்பு என்றதும் "இதயம் நின்னு போச்சா?" என்று பதறுகிறார்கள். நிற்கவில்லை. பம்பு செட்டு ஓடுகிறது. தேவையான அளவு இறைக்கவில்லை. அதனால் நுரையீரலிலும் காலிலும் நீர் தேங்குகிறது.

ஆஸ்துமாவா, இதயமா? டாக்டருக்கே குழப்பம் வரும் இடம் இது. இங்கேதான் ஒரு ரத்தச் சோதனை கை கொடுக்கிறது.

பன்றி மூளையில் கிடைத்தது!

1988-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் பன்றியின் மூளையில் ஒரு பொருளைக் கண்டுபிடித்தார்கள். பெயர் பி.என்.பி. பிறகு பார்த்தால், அதை அதிகம் சுரப்பது இதயம்! அழுத்தம் தாங்காமல் இதயச் சுவர் விரியும்போது அது ரத்தத்தில் கலக்கிறது. "உப்பையும் நீரையும் வெளியேற்று" என்று சிறுநீரகத்துக்கு இதயம் அடிக்கும் தந்தி அது.

மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவுக்கு வந்த 1,586 பேரிடம் செய்த ஆய்வு 2002-ல் வெளியானது. பி.என்.பி. அளவு 100 என்பதை எல்லையாக வைத்துப் பார்த்ததில், நூற்றுக்கு 83 பேர் விஷயத்தில் கணிப்பு சரியாக இருந்தது. கூடப் பிறந்த இன்னொரு சோதனை என்.டி. புரோ பி.என்.பி. அவசரமாக வருகிறவருக்கு அது 300-க்குக் கீழே இருந்தால், திணறலுக்குக் காரணம் பெரும்பாலும் இதயம் அல்ல.

ஆனால் எண்ணை மட்டும் நம்பக்கூடாது. வயதானவருக்கும், கிட்னி கோளாறு உள்ளவருக்கும் அளவு கூடும். பருமனானவருக்குக் குறைத்துக் காட்டும். எக்கோ பார்த்து டாக்டர்தான் முடிவு சொல்ல வேண்டும். நல்லா இருக்கிறவர்கள் ஆசைக்கு எடுத்துப் பார்க்கிற சோதனையும் அல்ல.

பாதிக்கு மேல் மரணம்!

திருவனந்தபுரம் வட்டாரத்தில் 2013-ல் 18 மருத்துவமனைகளில் 1,205 இதயச் செயலிழப்பு நோயாளிகளைப் பதிவு செய்தார்கள். சராசரி வயது சுமார் 61. ஐந்து வருஷத்துக்குள் பாதிக்கு மேற்பட்டோர் இறந்து போனார்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஆயுளை நீட்டும் மாத்திரைகள் இன்று இருக்கின்றன. தூசி என்று சொல்லிக் கொண்டிருந்தால்?

தமிழக அரசு 2023-ல் 'இதயம் காப்போம்' திட்டம் கொண்டு வந்தது. நெஞ்சு வலியோடு வருகிறவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகள் கொடுக்கும் நல்ல ஏற்பாடு. வலியே இல்லாமல் மூச்சு மட்டும் வாங்குகிறவரையும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டாமா?

முத்துப்பேட்டையிலிருந்து திருவாரூர் மருத்துவக் கல்லூரி சுமார் 50 கிலோமீட்டர். ராத்திரி மூச்சு முட்டுகிறவருக்கு அது நீண்ட தூரம். தனியாரிடம் போனால் இந்தச் சோதனைக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டும். கூலி வேலை செய்கிறவர் எங்கே போவார்?

சிறிய கருவியிலேயே இருபது நிமிஷத்தில் முடிவு தெரிகிற காலம் இது. ஊருக்கு ஊர் பெரிய லேப் கேட்கவில்லை. தாலுகா ஆஸ்பத்திரி தோறும் ஒரு கருவி. டாக்டர் எழுதிக் கொடுத்தால் இலவசச் சோதனை. எங்கே இந்த வசதி உண்டு, எத்தனை மணி வரை என்று வாசலில் ஒரு போர்டு. இவ்வளவுதான்!

வயலுக்குத் தண்ணீர் எவ்வளவு வந்தது என்று தினமும் கணக்குப் பார்க்கிற ஜில்லா இது. வயலில் உழைத்தவன் நெஞ்சில் தேங்கும் நீருக்கும் ஒரு கணக்கு வேண்டாமா?

அதிகாரிகள் கவனிப்பார்களா?