கண்ணாடி போட்டுக் கடல் பார்க்க



போன கிழமை ஒரு மத்தியான நேரம், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு நடைபாதையில் நின்று, நீச்சல் கண்ணாடி ஒன்றை முகத்தில் அழுத்தி வைத்து மூக்கால் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் மூட்டை ஏற்றிய கைவண்டிக்காரர் வழி கேட்டுக் கத்துகிறார். கடைக்கார நானா பதறிப்போய், "என்ன சேர், மூச்சு முட்டுதா?" என்றார்.

முட்டவில்லை. அளவு பார்த்தேன். வாரைத் தலையில் மாட்டாமல் கண்ணாடியை முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல இழுங்கள். பிறகு கையை எடுங்கள். விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்கு உரியது. விழுந்தால், வாரை எவ்வளவு இறுக்கினாலும் தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும். மீசைக்காரர்களுக்கு இன்னும் சிரமம். எனக்கு நாலாவது கண்ணாடிதான் ஒட்டியது. போன வருஷம் இதே புறக்கோட்டையில் இந்தச் சோதனை ஒன்றும் செய்யாமல், நிறம் வடிவாக இருக்கிறதென்று ஒன்றை வாங்கிப்போய் நான் பட்ட பாட்டைப் பிறகு சொல்கிறேன்.

இதையெல்லாம் இந்தப் பக்கத்தில் எழுத வைத்தது கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு கடிதம். எழுதியவர் ஒரு தாயார். கரீபியன் தீவொன்றில் தாயும் தகப்பனும் பிள்ளைகளும் வழிகாட்டி யாரும் இல்லாமல், கண்ணாடியும் குழாயும் போட்டுக்கொண்டு கரையிலிருந்தே இறங்கி நாள் முழுக்க மீன் பார்ப்பதை மகன் வீடியோவில் பார்த்துவிட்டானாம். "நாங்களும் ஒருநாள் போவோமா அம்மா?" என்று அரிக்கிறானாம். "எங்களைப் போன்ற ஆட்களுக்கு இது சரிவருமா? டிசம்பர் விடுமுறைக்குத் திருகோணமலைக்குப் போக யோசிக்கிறோம்" என்று முடித்திருந்தார்.

எங்களைப் போன்ற ஆட்கள் என்றால் யார் என்று எனக்குத் தெரியும். நானும் அதில் ஒருவன். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனால் கடல் தெரியும். ரயில் பாதையைத் தாண்டினால் அலை. அம்மா அந்த வீட்டுக்கு வந்து முப்பது வருஷம். கடல் அவருக்குக் கொடுத்ததெல்லாம் துருப்பிடித்த ஜன்னல் கம்பியும் ஈரத்தில் கட்டிபட்ட உப்பும்தான். கணுக்கால் நனைத்ததற்கு மேல் போனதில்லை. சுறாவை வறையாக மட்டுமே சந்தித்த குடும்பம் நாங்கள்.

சரிவரும் என்பதுதான் என் பதில். ஆனால் டிசம்பரில் திருகோணமலை வேண்டாம், தங்கச்சி.

இந்தத் தீவில் கடல் பார்க்க இரண்டு நாட்காட்டி உண்டு. சோளகம் வீசுகிற மே முதல் செப்டெம்பர் வரை மேற்கும் தெற்கும் கொந்தளிக்கும். கிழக்குக் கரை குளம் போலக் கிடக்கும். வாடை தொடங்கிவிட்டால் எல்லாம் தலைகீழ். நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஹிக்கடுவை தெளியும், திருகோணமலை கலங்கும். ஆகவே ஆகஸ்ட் விடுமுறை நிலாவெளிக்கு, டிசம்பர் விடுமுறை ஹிக்கடுவைக்கு. பள்ளிக்கூட விடுமுறையே நமக்காகப் போட்டதுபோல் அமைந்திருக்கிறது. ஹோட்டல் விலை, பஸ் நேரம் எல்லாம் அதற்குப் பிறகு பார்க்கிற விஷயம். மாதம் பிழைத்தால் எந்தக் கண்ணாடி போட்டும் பயனில்லை. கலங்கிய தண்ணீரில் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது.

கரீபியன் தீவுகளில் இதைத் தாங்களாகவே செய்ய முடிவதற்குக் காரணம், அங்கே ஊரே அதற்கு ஆயத்தம் செய்து வைத்திருப்பதுதான். பொனேர் தீவில் கரையோர வீதி நெடுக மஞ்சள் வண்ணம் பூசிய கற்கள் கிடக்கும். ஒவ்வொரு கல்லிலும் கடலில் இறங்கும் இடத்தின் பெயர். 1979 முதல் தீவைச் சுற்றிய கடல் முழுக்கப் பாதுகாக்கப்பட்ட பூங்கா. சென்ற் ஜோன் தீவின் ட்ரங்க் பே கரையில் கடலடியிலேயே பலகைகள் நட்டிருக்கிறார்கள். நீந்திக்கொண்டே வாசித்துப் போகலாம். நமக்கு மஞ்சள் கல்லும் இல்லை, கடலடிப் பலகையும் இல்லை. அந்த வேலையைக் குடும்பமே செய்துகொள்ள வேண்டும்.

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றரில் இருக்கிறது புறாமலை. பயணிகள் வாயில் புறாத்தீவு. மாடப்புறாக்கள் காட்டுப் பறவையாகவே பாறை இடுக்குகளில் கூடுகட்டி வாழ்கிற இடம் என்பதால் அந்தப் பெயர். வெள்ளைக்காரன் காலத்தில் அதே புறாக்களைச் சுட்டுப் பழகும் இடமாகவும் இருந்தது. 1963இல் சரணாலயமானது, 2003இல் தேசியப் பூங்காவானது. பெரியதும் சின்னதுமாக இரண்டு தீவுகள். பெரிய தீவைச் சுற்றித்தான் முருகைக்கற்பாறை. நெடுந்தீவுக்குப் போனவர்கள் வேலிக்கு வேலி அடுக்கியிருக்கும் முருகைக்கல்லைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கல் உயிரோடு இருந்தால் எப்படி இருக்கும் என்று நான் ஐம்பது வயதுக்குப் பிறகு புறாமலையில்தான் பார்த்தேன்.

திருகோணமலைக் கடலின் அடியை உலகத்துக்குக் காட்டியவர்களில் இரண்டு பேரை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. 1956இல் இலங்கைக்கு வந்து சேர்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய சுழியோடி நண்பர் மைக் வில்சனும் கோணேசர் மலையடியில் மூழ்கினார்கள். 1622இல் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோயிலின் கற்தூண்கள் அங்கே கடலுக்குள் கிடந்தன. வில்சன் 1962இல் திருகோணமலைக் கடலுக்குள்ளேயே காட்சிகள் எடுத்து 'ரன்முத்து தூவ' என்ற படத்தை இயக்கினார். இலங்கையின் முதல் முழுநீள வண்ணப்படம் அது. பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சுவாமி சிவ கல்கி என்று காவி கட்டிக்கொண்டார். கோணேசர் மலையடியில் மூழ்கி எழும்பிய மனிதர் வேறென்ன செய்வார் என்று அம்மா கேட்கிறார்.

இனிப் போன ஆகஸ்ட் கதை. நான், மனைவி, பதினாலு வயது மகள், பத்து வயது மகன், அம்மா. கோட்டை ஸ்டேஷனில் இரவு ரயில் ஏறினோம். அது ஓடுகிறதா, எத்தனை மணிக்கு என்பதை இரண்டு நாள் முந்தியே விசாரித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் புறக்கோட்டையிலிருந்து பஸ் இருக்கிறது, வீதியால் சுமார் 260 கிலோமீற்றர். போயா நாளையும் நீள விடுமுறையையும் விலக்கிவிடுங்கள். இன்னொன்று: போகிற போக்கில் கோணேசரையும் கன்னியா வெந்நீரூற்றையும் அதே நாளில் முடித்துவிடலாம் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். விடாதீர்கள். கடலுக்கு ஒரு நாள் என்றால் ஒரு நாள்.

போவதற்கு முதல் மூன்று ஞாயிற்றுக்கிழமை நீச்சல் தடாகத்தில் பழகினோம். குழாயால் வாயினால் மட்டும் மூச்சு விடுவது முதலில் சங்கடமாக இருக்கும், மூக்கு அடங்காது. கழுத்தளவு தண்ணீரில் முகத்தைக் கவிழ்த்து நூறு எண்ணும்வரை பதறாமல் இருக்கப் பழகிய பிறகுதான் கடல் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மகன் அப்போது ஒரு யோசனை சொன்னான்: "ரெண்டு குழாயை ஒட்டினா இன்னும் கீழ போகலாம் தானே அப்பா?" போக முடியாது. அந்தக் குழாய் ஒரு முழத்துக்குள் இருப்பதற்குக் காரணம் உண்டு. கொஞ்சம் ஆழம் போனாலே தண்ணீரின் பாரம் நெஞ்சை அமுக்கும். மேலேயிருந்து காற்றை இழுக்க நெஞ்சுக்குப் பலம் போதாது. குழாய் நீண்டால் நாம் விட்ட மூச்சே நமக்குத் திரும்பி வரும். புறக்கோட்டை இரும்புக்கடையில் எத்தனை அடிக் குழாயும் கிடைக்கும். அந்த எண்ணம் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வரலாம் என்பதால் சொல்கிறேன்.

காலையிலேயே தீவுக்குப் போய்விடுங்கள். படகுக் கூலி வேறு, வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிச் சீட்டு வேறு. திரும்ப வந்து ஏற்றும் நேரத்தைப் படகுக்கார அண்ணையிடம் ஏறும் முன்பே பேசி, அவருடைய தொலைபேசி இலக்கத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். பொலித்தீன் பூங்காவுக்குள் கொண்டுபோகக் கூடாது. இடியப்பப் பார்சலைக் கரையில் வைத்துவிட்டுத் தண்ணீர்ப் போத்தலோடு போய், பசிக்கும்போது திரும்பி வருவதுதான் நல்லது. காற்றடைத்த டியூப், மிதக்கும் வாத்து எதுவும் வேண்டாம். சோளகக் காலத்தில் அந்தப் பக்கம் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். தண்ணீர் தட்டையாக, பயமில்லாததுபோல் தெரியும். டியூபில் சாய்ந்திருக்கிற பிள்ளை சத்தமில்லாமல் தூரப் போய்க்கொண்டிருக்கும்.

எங்கள் ஏற்பாட்டில் முக்கியமான ஆள் அம்மா. எல்லாக் குடும்பத்திலும் தண்ணீரில் இறங்கமாட்டேன் என்று பிடிவாதமாக நிற்கிற ஒருவர் இருப்பார். அவரைக் கெஞ்சி இறக்கப் பார்க்காதீர்கள். நீருக்குள் முகம் கவிழ்த்தவனுக்குத் தன் பிள்ளை எங்கே என்று தெரியாது. கரையில் நிற்கிறவருக்குத்தான் தெரியும். நான்கு பேரும் இரண்டு ஜோடியாக இறங்கினோம், நானும் மகனும், மனைவியும் மகளும். குழாய் நான்கும் ஓரஞ்சு நிறத்தில் வாங்கியிருந்தோம். அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மணலில் நின்று "ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு" என்று வாய்விட்டு எண்ணத் தொடங்கினார். ஒன்று குறைந்தால் விசில். அந்தப் பக்கம் நின்ற வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்றின் தலைகளையும் கொஞ்ச நேரத்தில் சேர்த்து எண்ண ஆரம்பித்துவிட்டார். கைப்பையில் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கம் எழுதிய துண்டு. அதை எடுக்க வேண்டி வரவில்லை.

முகத்தைக் கவிழ்த்தவுடன் முதலில் நம்மை அடிப்பது அமைதி. பிறகு ஒரு சின்னச் சத்தம் கேட்கும், யாரோ மிக்சர் கொறிப்பதுபோல். கிளிமீன்கள் முருகைக்கல்லைச் சுரண்டித் தின்னும் சத்தம் அது. கல்லை அரைத்து அவை கழிக்கிறதுதான் வெண்மணலில் ஒரு பங்கு. மகனிடம் சொன்னபோது, தன் கால்விரலுக்கிடையில் இருந்த மணலை அவன் பார்த்த பார்வையை மறக்கமுடியாது. சிறிது நேரத்தில் செட்டை நுனி கறுத்த சுறா ஒன்று எங்களைக் கண்டு தன்பாட்டில் விலகிப் போனது. என் கண்ணுக்கு ஆறடி. கண்ணாடிக்குள்ளால் பார்த்தால் தண்ணீரில் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெருத்துத்தான் தெரியும் என்று மகள் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தாள். வெட்டிக் கழித்து நாலரை அடி என்று குறித்துக்கொண்டோம்.

அப்போதுதான் என் கண்ணாடி காலை வாரியது. மீசைப் பக்கமாகத் தண்ணீர் ஏறி, மூக்குக்குள் போய், பதறி, கால் ஊன்றினேன். ஊன்றியது மணலில் அல்ல, முருகைக்கல்லில். உள்ளங்கால் கிழிந்து, காயம் ஆற மூன்று கிழமை போனது. கிழிந்த கால் ஆறிவிட்டது. நான் உடைத்த முருகை ஆற வருஷங்கள் வேண்டும். உருண்டையாக வளர்கிற முருகை இனங்கள் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவுதான் வளரும். கடல் சூடேறி முருகைகள் வெளிறிப்போன 1998இல் ஹிக்கடுவை அடிபட்ட அளவுக்குப் புறாமலை அடிபடவில்லை. சூட்டுக்குத் தப்பியதை யுத்தம் முடிந்தபின் வந்த கூட்டம் மிதித்துக் கெடுத்தது என்று நானே பலமுறை குறைபட்டிருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் ஒரு கால் இப்போது என்னுடையது. கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறினால் மணலைத் தேடி நில்லுங்கள். மணல் இல்லையென்றால் மல்லாந்து மிதந்து கண்ணாடியைச் சரிசெய்யுங்கள். அதைத்தான் தடாகத்தில் பழகியிருக்க வேண்டும்.

வெயிலைப் பற்றி இரண்டு வரி. கவிழ்ந்து கிடப்பதால் முதுகும் முழங்காலின் பின்பக்கமும் கருகும். சில வெயில் கிறீம்களில் இருக்கும் இரசாயனங்கள் முருகைக்கு ஆகாதென்று அமெரிக்க வேர்ஜின் தீவுகள் 2020இலேயே அவற்றைத் தடைசெய்துவிட்டன. புறக்கோட்டை நடைபாதையில் கிடைக்கிற நீளக்கை ரீசேட் ஒன்றே நமக்குப் போதும்.

டிசம்பர்தான் தோதென்றால், கொட்டாஞ்சேனைத் தங்கச்சி, ஹிக்கடுவைக்குப் போங்கள். 1979இலிருந்து பாதுகாக்கப்பட்ட கடல், 2002இல் தேசியப் பூங்கா. கோட்டையிலிருந்து கரையோர ரயிலில் ஏறினால் சுமார் 100 கிலோமீற்றர். படகே வேண்டாம், கரையிலிருந்தே இறங்கலாம். பாறை அலையைத் தடுத்து உள்ளே ஆழமில்லாத தண்ணீரை வைத்திருக்கிறது. முருகை முன்போல் இல்லை. ஆனால் முதல்முறை கண்ணாடி போடுகிற பிள்ளைக்கு, ஒரு கடலாமை பக்கத்தில் வந்து போனால் மற்றதெல்லாம் மறந்துவிடும். தீனி காட்டி ஆமையைக் கூப்பிடுகிறவர்களோடு மட்டும் சேராதீர்கள்.

நானாவின் கடைக்கு வருகிறேன். ஒட்டிய கண்ணாடியைக் கொடுத்து, ஒன்று போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். காலையில் தேநீரோடு வந்து அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. "எனக்கும் ஒண்டு பாத்து வாங்கிக்கொண்டு வா. முழங்கால் தண்ணியிலை நிண்டு குனிஞ்சு பாக்கிறன். அந்தக் கிளிமீனை நான் இன்னும் காணேல்லை."

அம்மாவின் முகத்துக்கு எது ஒட்டுமோ தெரியாததால் இரண்டு அளவு எடுத்தேன். ஒன்றைத் திருப்பித் தரலாம் என்றார் நானா. இந்த ஆகஸ்டில் அம்மா தண்ணீரில் நிற்கும் நேரம் குடையும் விசிலும் என் கையில். ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு.

அன்புடன்,
ஆசிரியர்