ஆடிட்டர் கேட்டாலும் பாஸ்வேர்டு கொடுக்காதீங்க: ஒரு ஆடிட்டராவே சொல்றேன்



"பேங்க்ல இருந்து பேசுறேன், ஓடிபி சொல்லுங்க"ன்னு யாராவது கேட்டா, இன்னைக்கு எட்டாவது படிக்கிற பையன்கூட போனை கட் பண்ணிடுவான். ஆனா அதே வீட்டுல ஜூலை மாசம் வந்தா, அப்பா வாட்ஸ்அப்ல ஒரு நம்பருக்கு வரிசையா அனுப்புவார்: பான் கார்டு, ஆதார் பிடிஎஃப், பேங்க் ஸ்டேட்மென்ட், கூடவே இன்கம்டாக்ஸ் பாஸ்வேர்டு. கொஞ்ச நேரத்துல "சார், ஓடிபி வந்துச்சா?"ன்னு பதில் வரும். அதையும் அனுப்பிடுவார். எதுக்காக வந்த ஓடிபின்னு படிச்சுகூட பார்க்க மாட்டார்.

நான் ஒரு சிஏ. என் கருத்தை நேராவே சொல்லிடுறேன். உங்க இன்கம்டாக்ஸ் பாஸ்வேர்டை யார்கிட்டயும் கொடுக்கக் கூடாது. என்னை மாதிரி ஆடிட்டர் கேட்டாலும் சரி, பிரவுசிங் சென்டர் தம்பி கேட்டாலும் சரி. பாஸ்வேர்டு கேட்டு வாங்குற பழக்கத்தை எங்க தொழில்ல இருக்கிறவங்களும் விடணும்.

அந்த லாகினுக்குள்ள அப்படி என்ன இருக்கு?

"வருஷத்துக்கு ஒரு தடவை திறக்கிற வெப்சைட், அதுல பணமா இருக்கு?"ன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. பணம் இல்லைதான். ஆனா உங்க பணம் எங்கெங்க இருக்குன்னு முழு விவரமும் அங்க இருக்கு. ஏஐஎஸ் அப்படின்னு ஒரு அறிக்கை, அதைத் திறந்து பாருங்க. சம்பளம், எஃப்டி வட்டி, வித்த ஷேர், மியூச்சுவல் ஃபண்ட், வாங்கின நிலம் எல்லாமே வரிசையா நிக்கும். பேங்க் அக்கவுண்ட் நம்பர், வீட்டு முகவரி எல்லாம் ப்ரொஃபைல்லயே இருக்கு.

இந்த விவரம் ஒரு மோசடிக்காரன் கையில கிடைச்சா என்ன ஆகும்? "உங்க பேர்ல பார்சல் வந்திருக்கு"ன்னு பொத்தாம்பொதுவா பேச மாட்டான். "உங்களுக்கு இந்த பேங்க்ல இவ்வளவு டெபாசிட் இருக்கே, அது விஷயமா விசாரணை"ன்னு ஆரம்பிப்பான். நாமளும் நம்பிடுவோம்.

"பிடிஎஃப்-க்குத்தான் பாஸ்வேர்டு இருக்கே சார்"னு சொல்வீங்க. இ-ஆதார் பிடிஎஃப்-ஓட பாஸ்வேர்டு, உங்க பேரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த வருஷமும். ஏஐஎஸ் பிடிஎஃப்-க்கு பான் நம்பரும் பிறந்த தேதியும். இந்த ரெண்டையும் அதே வாட்ஸ்அப் சாட்டுல நீங்களே அனுப்பி வெச்சிருக்கீங்க. பூட்டும் சாவியும் ஒரே பையில.

அது வெறும் ஓடிபி இல்லை, உங்க கையெழுத்து

ரிட்டர்ன் போட்ட பிறகு 30 நாளுக்குள்ள வெரிஃபை பண்ணலைன்னா அது செல்லாது. பெரும்பாலும் ஆதார் ஓடிபி மூலமாத்தான் இந்த வெரிஃபிகேஷன் நடக்குது. அதாவது நீங்க ஃபார்வர்டு பண்ற அந்த ஆறு இலக்கம்தான் "இதுல உள்ளதெல்லாம் உண்மை"ன்னு நீங்க போடுற கையெழுத்து. படிக்காம பத்திரத்துல கையெழுத்து போடுவீங்களா?

படிக்காம போட்டா என்ன ஆகும்னு என்கிட்ட வந்த ஒருத்தரோட கதையைச் சொல்றேன். ஒரு ஃபேக்டரில சூப்பர்வைசர். வேலை செய்யற இடத்துக்கே வந்து ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிற ஒரு ஏஜென்ட்கிட்ட, கூட வேலை பார்க்கிறவங்களோட சேர்ந்து இவரும் கொடுத்திருக்கார். கிட்டத்தட்ட 40,000 ரூபாய் ரீஃபண்ட் வந்துச்சு. அதுல 8,000 ரூபாய் ஏஜென்டுக்கு கமிஷன். ரொம்ப சந்தோஷம்.

அப்புறம் ஏதோ நோட்டீஸ் வந்திருக்குன்னு கூட வேலை செய்யறவர் சொன்னதும் பயந்து வந்தார். லாகின் பண்ணலாம்னா பாஸ்வேர்டு இவருக்குத் தெரியாது. "ஃபர்காட் பாஸ்வேர்டு" போய், ஆதார் ஓடிபி போட்டு உள்ள போனோம். அரசியல் கட்சிக்கு 2 லட்சம் ரூபாய் நன்கொடை கொடுத்ததா ரிட்டர்ன்ல போட்டிருக்கு. மனுஷன் எந்தக் கட்சிக்கும் 100 ரூபாய்கூட கொடுத்ததில்லை. அதைவிட மோசம், ப்ரொஃபைல்ல இருந்த மெயில் ஐடியும் மொபைல் நம்பரும் இவரோடது இல்லை. நோட்டீஸ் எல்லாம் யாரோ ஒருத்தரோட இன்பாக்ஸுக்குப் போயிருக்கு. அந்த ஏஜென்டோட நம்பர் இப்போ உபயோகத்தில் இல்லை.

பொய்யான கழிவு கேட்டா, அந்த வரியைப் போல 200 சதவீதம் வரைக்கும் அபராதம் போட சட்டத்துல இடம் இருக்கு. வரியும் வட்டியும் தனி. கேட்டது ஏஜென்ட், கட்டப் போறது இவர். ஏன்னா கையெழுத்து இவரோடது.

இது ஒருத்தர் ரெண்டு பேர் கதை இல்லை. 2025 ஜூலை 14-ஆம் தேதி வருமான வரித் துறை, போலிக் கழிவு விவகாரத்துல நாடு முழுக்க சுமார் 150 இடங்கள்ல சோதனை நடத்தியதா அறிவிச்சாங்க. அதுக்கு முன்னாடி ஆதாரம் கிடைச்ச மாநிலங்கள் பட்டியல்ல தமிழ்நாடும் இருந்துச்சு. மொத்தமா ரிட்டர்ன் போடுறதுக்காகவே தற்காலிக மெயில் ஐடி உருவாக்கி, அப்புறம் அதை அப்படியே விட்டுடறாங்க, நோட்டீஸ் படிக்கப்படாமலே கிடக்குதுன்னு அந்த அறிக்கையிலேயே சொல்லியிருந்தாங்க.

அதே அறிக்கையில ஒரு நல்ல விஷயமும் இருந்துச்சு. துறை எஸ்எம்எஸ், மெயில் மூலமா எச்சரிச்சதுல, நாலு மாசத்துல சுமார் 40,000 பேர் தாங்களாவே ரிட்டர்னைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் அளவுக்குப் பொய்க் கழிவுகளை வாபஸ் வாங்கியிருக்காங்க. அவங்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேர்ந்துச்சு, திருத்த முடிஞ்சது. மெயில் ஐடி வேற யாரோடதாவோ இருந்தா, அந்த வாய்ப்பே உங்களுக்குக் கிடைக்காது.

"எங்க ஆடிட்டர் நல்லவர் சார், 15 வருஷமா தெரியும்"

ஒத்துக்கிறேன். பெரும்பாலான ஆடிட்டர்கள் நேர்மையானவங்கதான். ஆனா பாஸ்வேர்டு அவர்கிட்ட மட்டுமா இருக்கு? பல ஆபீஸ்கள்ல எல்லா கிளையண்ட் பாஸ்வேர்டும் ஒரே எக்செல் ஷீட்ல இருக்கும். ஆர்ட்டிகிள் பசங்க, போன மாசம் வேலையை விட்டுப் போன அசிஸ்டென்ட், எல்லாரும் அதைப் பார்த்திருப்பாங்க. ஒரு லேப்டாப் தொலைஞ்சா, ஒரு கம்ப்யூட்டர்ல வைரஸ் புகுந்தா, அத்தனை பேர் விவரமும் வெளியில. நீங்க அதே பாஸ்வேர்டைத்தான் ஜிமெயிலுக்கும் வெச்சிருக்கீங்கன்னா, கதை இன்னும் பெருசு.

ஆடிட்டருக்கு உங்க ஆவணங்கள் வேணும், உங்க சம்மதம் வேணும். பாஸ்வேர்டு இல்லாமலே வேலையை முடிக்கலாம். ஏஐஎஸ், 26ஏஎஸ் ரெண்டையும் நீங்களே டவுன்லோடு பண்ணிக் கொடுக்கலாம். இ-ரிட்டர்ன் இன்டர்மீடியரியா பதிவு பண்ணின ஆடிட்டர்னா, உங்க ஒப்புதலோட அவரோட சொந்த லாகின்லயே உங்க ரிட்டர்னை போடலாம். இதெல்லாம் கஷ்டம்னா, நேர்ல போய் உட்கார்ந்து பாஸ்வேர்டையும் ஓடிபியையும் உங்க கையாலயே டைப் பண்ணுங்க. அரை மணி நேரம் ஆகும். வருஷத்துக்கு ஒரு அரை மணி நேரம் கொடுக்கலாம்.

இன்னைக்கே செய்ய வேண்டியவை

1. இ-ஃபைலிங் போர்ட்டல்ல உள்ள போய் "மை ப்ரொஃபைல்" திறங்க. மெயில் ஐடியும் மொபைல் நம்பரும் உங்களோடதான்னு பாருங்க. இல்லைன்னா உடனே மாத்துங்க. வயசான பெற்றோருக்குப் பிள்ளைகளோட நம்பர் இருக்கலாம், ஏஜென்டோடது இருக்கவே கூடாது.

2. பாஸ்வேர்டை மாத்துங்க. வேற எங்கயும் உபயோகிக்காத ஒண்ணா இருக்கட்டும்.

3. "இ-ஃபைலிங் வால்ட்"ல ஆதார் ஓடிபியை ஆன் பண்ணுங்க. அப்புறம் பாஸ்வேர்டு தெரிஞ்சவங்களும் உங்க ஓடிபி இல்லாம உள்ள போக முடியாது. ஒவ்வொரு தடவையும் ஓடிபி போடணும், கொஞ்சம் தொந்தரவுதான். பரவாயில்லை.

4. "பெண்டிங் ஆக்‌ஷன்ஸ்"ல "இ-ப்ரொசீடிங்ஸ்" திறந்து, உங்களுக்குத் தெரியாம ஏதாவது நோட்டீஸ் கிடக்குதான்னு பாருங்க. பழைய ரிட்டர்ன்களையும் இறக்கி, கழிவுகளை ஒரு தடவை படிங்க. நீங்க கொடுக்காத நன்கொடை, கட்டாத இன்ஷூரன்ஸ் இருந்தா, தகுதியான ஒரு ஆடிட்டரை உடனே பாருங்க. தள்ளிப் போடாதீங்க.

5. ஓடிபி கொடுக்கிறதுக்கு முன்னாடி ரிட்டர்னோட பிடிஎஃப் கேளுங்க. மொத்த வருமானம், கழிவுகள், ரீஃபண்ட் தொகை, பேங்க் அக்கவுண்ட், மெயில் ஐடி. இந்த அஞ்சை மட்டுமாவது பாருங்க.

6. பிரவுசிங் சென்டர்ல வேலை முடிஞ்சதும், போர்ட்டல்ல இருந்து லாகவுட் பண்ணுங்க. "சேவ் பாஸ்வேர்டு"ன்னு வந்தா வேண்டாம்னு சொல்லுங்க. டவுன்லோடு ஃபோல்டர், ரீசைக்கிள் பின் ரெண்டுலயும் உங்க ஃபைல்களை அழிக்கச் சொல்லுங்க. வாட்ஸ்அப்ல "லிங்க்டு டிவைசஸ்" போய் அந்தக் கம்ப்யூட்டரை நீக்குங்க.

இன்னொரு விஷயம். ரீஃபண்ட்ல இத்தனை சதவீதம்னு ஃபீஸ் கேட்கிறவங்ககிட்ட போகாதீங்க. சிஏ-க்களுக்கு எங்க தொழில் விதிப்படியே அப்படி வாங்க அனுமதி கிடையாது. ரீஃபண்ட் எவ்வளவு ஏறுதோ அவ்வளவு அவருக்கு லாபம்னா, அவர் யாருக்காக வேலை செய்யறார்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

"பாஸ்வேர்டு தர மாட்டேன், நானே டைப் பண்றேன்"னு சொன்னா கோவிச்சுக்கிற ஆடிட்டர் இருந்தா, அவரை மாத்தலாம். எங்களுக்கும் இதுல நல்லதுதான் இருக்கு. நாளைக்கு ஏதாவது பிரச்சினைன்னா, "உங்ககிட்டதான் சார் பாஸ்வேர்டு இருந்துச்சு"ன்னு யாரும் எங்களைக் கேட்க முடியாது.

இந்த ஆறையும் ஸ்க்ரீன்ல காட்டி ஒரு வீடியோ போட்டிருக்கேன். முதல் படியை மட்டும் வீடியோ பார்க்கிறதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க. அஞ்சு நிமிஷம்தான். உங்க மெயில் ஐடி இருக்க வேண்டிய இடத்துல வேற யாரோட ஐடியாவது இருந்தா, கமெண்ட்ல சொல்லுங்க. ஐடியை மட்டும் எழுதிடாதீங்க!