ஒரு ராத்திரிக்கு லீலாவதி

பழங்கால உடை உடுத்தி பழங்கால நடனம் ஆடும் 'மறுமலர்ச்சிக் காலச் சந்தை' அமெரிக்காவில் பிரபலம். லாஸ் ஏஞ்சலஸில் 1963ல் தொடங்கியது. நெரவிக்காரர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தஞ்சாவூர் பக்கம் மெலட்டூர் போனால் போதும்.

நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி, பெரும்பாலும் மே மாதத்தில், வரதராஜப் பெருமாள் கோயில் முன்பு பாகவத மேளா நடக்கும். நாடகங்களை எழுதியவர் அந்த ஊர் வேங்கடராம சாஸ்திரி. மொழி தெலுங்கு. ஆடுபவர்கள் ஆண்கள். பிரகலாதனின் தாய் லீலாவதியும் ஓர் ஆண்தான்!

பலருக்கு இது தொழில் இல்லை. வெளியூரில் வேலை பார்ப்பவர்கள், லீவு போட்டு வந்து சலங்கை கட்டுகிறார்கள். நரசிம்மர் முகமூடிக்குப் பூஜை உண்டு. அதை அணிபவர் விரதம் இருப்பார்.

சம்பளத்துக்கு ஆடாததுதான் இதன் அழகு, கவலையும் அதுதான். தெலுங்குப் பாட்டை மனப்பாடம் செய்து, ஜதி பழகி, வருஷந்தோறும் ஊர் திரும்பப் பையன்கள் வேண்டும். புத்தகம் படித்து இது வராது. பெரியவர்கள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் வரும்.

அடுத்த முறை பிள்ளைகளோடு போய் உட்காருங்கள். நள்ளிரவிலும் கண் கொட்டாமல் பார்க்கும் ஒரு சிறுவன், ஆடுபவருக்குப் பெரிய தெம்பு.