நூலும் உலக உருண்டையும்

அண்மையில் குருவிட்டப் பகுதியிலுள்ள ஒரு தோட்டப் பாடசாலைக்குச் சென்றிருந்தேன். தரம் எட்டு மாணவன் ஒருவன், கட்டுநாயக்கவிலிருந்து குவைத்துக்கு எத்தனை கிலோமீற்றர் என்று கேட்டான். அவனுடைய தாயார் அங்கே ஒரு வீட்டில் பணிபுரிகிறார். ஆசிரியர் சுவரிலிருந்த பழைய மெர்கேட்டர் படத்தில் அடிமட்டத்தை வைத்துப் பெருக்கி, 4,400 என்றார்.

அவரைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. இளம் நிருபராக இருந்த காலத்தில் கொழும்புக்கும் ரொறன்ரோவுக்கும் இடைப்பட்ட தூரத்தை இதே முறையில் அளந்து, 18,000 கிலோமீற்றருக்கு மேல் என்று எழுதியவன் நான். ஓய்வுபெற்ற கப்பல் அதிகாரியொருவர் தபாலட்டையில் திருத்தினார்: ஏறத்தாழ 14,000 என்று. அந்த அட்டையை ஆசிரியபீடத்தில் பல நாள் வாசித்துச் சிரித்தார்கள்.

தட்டையான படம் துருவங்களை நெருங்க நெருங்க நிலத்தை இழுத்துப் பெரிதாக்குகிறது. உருண்டையின் மேல் இரு புள்ளிகளுக்கிடையே மிகக் குறுகிய வழி பெருவட்டத்தின் ஒரு வில். ரொறன்ரோவுக்கான வில், படத்தில் தோன்றுவதுபோல் மேற்கே ஓடுவதில்லை. வடக்கே ஏறி, 72 பாகை அகலாங்குவரை ஆர்க்டிக் பக்கம் போய் இறங்குகிறது. அகலாங்கு, நெட்டாங்கு, புவியின் சராசரி ஆரை 6,371 கிலோமீற்றர், கொஞ்சம் திரிகோண கணிதம், இவ்வளவுதான் கணக்கு. காற்றும் மூடப்பட்ட வான்பரப்பும் விமானத்தைச் சற்று விலக்கும் என்பது வேறு.

இந்தக் கணக்கில் உயிரைப் பணயம் வைத்தவர்களும் உண்டு. 1943 முதல் 1945 வரை, ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்திருந்த காலத்தில், குவாண்டஸ் நிறுவனத்தின் கட்டலினா கடல்விமானங்கள் பேர்த் நகருக்கும் காலிக்கருகே கொக்கல வாவிக்கும் இடையே பறந்தன. சுமார் 5,650 கிலோமீற்றர். வானொலியில் பேச முடியாது, விண்மீன்களே வழிகாட்டி. ஒரே பயணத்தில் இருமுறை சூரியோதயம் காண்பார்கள். எரிபொருளின் பாரத்தால் மூன்று பயணிகளுக்கே இடம். தூரத்தைப் பிழையாகக் கணித்திருந்தால் இந்து சமுத்திரம்தான்.

அடுத்த முறை சென்றபோது முப்பது சென்ரிமீற்றர் விட்டமுள்ள உலக உருண்டை ஒன்றையும் ஒரு நூற்கண்டையும் கொண்டுபோனேன். அந்த உருண்டையில் ஒரு சென்ரிமீற்றர் சுமார் 425 கிலோமீற்றர். பையன் நூலை இழுத்துப் பிடித்து அளந்தான்: பத்து சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. விடை 4,140 அளவில் வந்தது. விமானத்தில் எத்தனை மணி நேரம் என்றான். ஐந்து மணி நேரம் என்றேன். "அவ்வளவுதானா, சேர்? அம்மா போய் ரெண்டு வருஷமாச்சே" என்றான். என்னிடம் அதற்குக் கணக்கில்லை.

கடல்கடந்து வாழும் அன்பர்கள் தோட்டப் பாடசாலைகளுக்குக் கணினிகள் அனுப்புகிறார்கள், நன்றி. ஆனால் பழுதுபார்க்க ஆளில்லாமல் தூசிபடிந்து கிடக்கும் கணினிகளையும் நான் பார்த்திருக்கிறேன். கணினியிடம் கேட்டால் தூரம் நொடியில் வந்துவிடும் என்பீர்கள். வரும், ஆனால் விடை ஏன் 4,400 அல்ல என்று அது அந்தப் பையனுக்குச் சொல்லாது. பெற்றோரில் ஒருவர் கடலுக்கப்பால் இருக்கும் பிள்ளைகள் நிறைந்த வகுப்புகளில், முதலில் ஓர் உருண்டையை வையுங்கள். நூலை அவர்களே கொண்டுவருவார்கள்.