மண்டையோட்டு விட்டில்



அல்காரிஆ அத்தியாயத்தில் மறுமை நாளின் மனிதர்களுக்கு விட்டில்கள் உவமையாக்கப்பட்டிருப்பதைத் தொழுகையில் ஓதுகிறோம். அந்த விட்டிலை உற்று நோக்கியவர் நம்மில் எத்தனை பேர்?

எனக்கு அவ்வாய்ப்பு ஒரு மவுத்து வீட்டில் கிடைத்தது. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் இஷாவுக்குப் பின், விளக்கருகே பெரியதொரு விட்டில் வந்தமர்ந்தது. முதுகின் மேற்புறத்தில் மண்டையோடு போன்ற உருவம்! “ரூஹு வந்திருக்கிறது” என்றார் ஒரு மூதாட்டி. “அடுத்த மவுத்துக்கு அறிகுறி” என்றார் மற்றொருவர். அவ்வீட்டில் நோயுற்றுப் படுத்திருந்த பெரியவரின் முகம் வெளிறியது. ஒருவர் விளக்குமாற்றை ஓங்க, விட்டில் ‘கீச்’சென்று ஒலித்தது. பெண்கள் அலறிவிட்டனர்.

சகுனம் பார்ப்பதை நபி (ஸல்) அவர்கள் மறுத்திருப்பதை அறிந்தும் அஞ்சுகிறோம். ஐரோப்பியரும் அஞ்சியவர்களே. உயிர்நூலை அறுக்கும் கிரேக்கத் தேவதையான அட்ரோபோஸின் பெயரை 1758இல் லின்னேயஸ் இவ்வகை விட்டில் ஒன்றுக்குச் சூட்டினார். அது ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழ்வது. நம் நாட்டில் உள்ளவை வேறிரண்டு: லாக்கெசிஸ், ஸ்டிக்ஸ். ஸ்டிக்ஸ் என்பதும் கிரேக்கரின் மரண ஆற்றின் பெயர்தான்!

இறகு மூடியிருக்கையில் இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினம். பின்னிறகைப் பாருங்கள். அடிப்பகுதியில் பெரிய கருந்திட்டு இருப்பின் லாக்கெசிஸ். மஞ்சள் நிறத்தில் இரு கரும்பட்டைகள் மட்டும் ஓடினால் ஸ்டிக்ஸ். வயிற்றின் அடிப்புறமும் சாட்சி சொல்லும்: லாக்கெசிஸுக்கு அங்கே கரும்பட்டைகள் உண்டு, ஸ்டிக்ஸுக்கு இல்லை. உடலின் இருபுறமும் இளஞ்சிவப்புப் பட்டைகளுடன், மண்டையோடின்றிச் சாம்பல் நிறத்தில் வருவது வேறோர் இனம். அதனை இவற்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அன்று நான் கண்ணாடிக் குவளையால் அதனை மூடினேன். படபடத்து இறகை விரித்தது. ஸ்டிக்ஸ்! தேன்கூட்டில் நுழைந்து தேன் பருகுவது இதன் வழக்கம். தொண்டைக்குள் காற்றை இழுத்து வெளிவிடுவதே அந்தக் ‘கீச்’சொலி. இதன் புழு எள்ளிலையைத் தின்று வளர்ந்து, மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகிறது. அவ்வீட்டின் கொல்லைக்கு அப்பால் எள் விளைந்திருந்தது.

இவற்றைக் கூறியதும் பெரியவர் குவளையைத் தம்மருகே கொண்டுவரச் சொன்னார். நெடுநேரம் நோக்கினார்.

“எள்ளுச்செடியில் வால் வளைந்த பச்சைப்புழு கிடக்குமே, ஹஜ்ரத்! அதுவா இது?” என்று கேட்டார்.